ஆறு வினாடிக் கணக்கு

எங்கள் கர்ப்பிணிகள் பிரிவுக்கு ஒரு காலையில் நாற்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். பார்ப்பதற்கு மூன்று நர்சுகள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க இரண்டு டாப்ளர் கருவிகள். அதில் ஒன்று முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் பேசும். இந்த லட்சணத்தில் ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு நிமிடம் முழுதாக எண்ண யாருக்கு நேரம்? ஆறு வினாடி எண்ணிப் பத்தால் பெருக்குவோம். பதினான்கு துடிப்பு என்றால் நூற்று நாற்பது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இது கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், பதினேழு வருடமாக நானும் செய்தேன்.

என்னைக் கடுகு சிஸ்டர் என்பார்கள். சட்டென்று வெடிப்பேனாம். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் வெடிப்பேன்.

என் கணவரின் தங்கைக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் பாட்டில். எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். இரண்டு வார்த்தை பேசினால் ஒரு மடக்கு. சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் வேலை. நாளெல்லாம் துணித்தூசி பறக்கும் இடம், அதனால்தான் வாய் காய்கிறது, கண் எரிகிறது என்பாள். நாங்களும் அதை நம்பினோம். கேலி செய்யத்தான் எங்களுக்கு நேரம் இருந்தது.

தன் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அவள் எங்களோடு இருந்தாள். அப்போது என் அம்மாவும் எங்களோடுதான். தினமும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவாள் அம்மா. அந்த அம்மா இறந்த அன்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நான் எண்ணினேன். கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் ஒரு முடிவு கட்டினேன்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அன்றைக்குப் பார்த்து என் மேசைக்கு வந்து படுத்தாள். இருபதாவது வாரம், முதல் குழந்தை.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றாள்.

"இருக்கேன்," என்றேன். சட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு, ஜெல்லைத் தடவி, கருவியை வைத்தேன். ஆறு வினாடி. ஏழு துடிப்பு.

குழந்தைக்கு நூற்றுப் பத்துக்குக் குறையக் கூடாது. வயிற்றில் எழுபது கேட்டால் எங்களுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: குழந்தையைப் பிடிக்கவில்லை, தாயின் இரத்தக்குழாய்ச் சத்தத்தைப் பிடித்திருக்கிறோம். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் ஏழு. சந்தேகம் தீர்ந்தது. கருவியை இன்னும் இரண்டு இடத்தில் வைத்தேன், அதே ஏழு. வேறொருத்தியாக இருந்தால் திரும்பிப் படுக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் தேடியிருப்பேன். இவளை மேசையிலிருந்து இறக்கிவிட்டால் போதும் என்றிருந்தது.

"அசையுதா?"

"நல்லா அசையுது அண்ணி."

அவளுடைய பரிசோதனை அட்டையில் 140 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அடுத்தவங்க வாங்க," என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்கு ஸ்கேன். கம்பெனியில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்குப் போ என்று என் கணவர் என்னை அனுப்பினார். எங்கள் ஸ்கேன் டாக்டர் வாயாடி. திரையைப் பார்த்துக்கொண்டே தன் மாமியார் கதையெல்லாம் சொல்வார். அன்று குழந்தையின் தலை, முதுகு, கால் வரைக்கும் பேசினார். மார்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அந்த அறையில் பதினேழு வருடம் வந்து போகிறவள் நான். அவர் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திரையில் நானே பார்த்தேன். இதயத்தின் மேலறைகள் படபடவென்று அடிக்கின்றன. கீழறைகள் அதைக் காதிலேயே வாங்காமல் தங்கள் போக்கில் மெதுவாக அடிக்கின்றன. மேலே நூற்று நாற்பது. கீழே அறுபத்தெட்டு.

டாக்டர் அவளிடம் கேட்டார்: "கண்ணு எரியுமாம்மா? மண்ணு விழுந்த மாதிரி உறுத்துமா?"

"ஆமா டாக்டர். அஞ்சாறு வருஷமா. துணித்தூசி."

"வாய் காயுமா?"

அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"அழுதா கண்ணீர் வருமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "வராது டாக்டர்," என்றாள். "எவ்வளவு அழுதாலும் வராது."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பி, நிதானமாக விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சிலருக்குத் தன் உடம்பையே தாக்கும். அவளுக்கு அது கண்ணீர் சுரக்கும் இடத்தையும் எச்சில் சுரக்கும் இடத்தையும் வறள வைத்திருக்கிறது. அப்படித் தாக்கும் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போயிருக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் மெல்லிய பாதையை அது அரித்துவிட்டது. இரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும், ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார்.

"நான் ஏதாவது சாப்பிட்டதாலயா? நின்னுட்டே வேலை பாத்ததாலயா?"

"இல்லம்மா. நீ செஞ்சது எதுவும் இல்ல."

பிறகு டாக்டர் அட்டையைப் புரட்டினார். என் எழுத்தில் வந்து விரல் நின்றது.

"ரெண்டு வாரம் முன்னாடி நூத்தி நாப்பது இருந்திருக்கு. அப்ப இது புதுசுதான். புதுசுன்னா வீரியமான மருந்து ஒண்ணு இருக்கு, குடுத்துப் பாக்கலாம். குழந்தையோட வளர்ச்சி கொஞ்சம் குறையும், ஆனா பாதை திரும்பக் கிடைக்க ஒரு வாய்ப்பு இருக்கு. பழசாயிருந்தா குடுக்கவே மாட்டேன். அந்தப் பிஞ்சு உடம்புக்கு அது வெறும் தண்டனை." மருந்துச் சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். மேலே நூற்று நாற்பது ஓடத்தானே செய்கிறது, அதைத்தான் கேட்டேன் என்று சாதித்திருக்கலாம். ஒரு நொடி அந்த எண்ணம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும், அவள் முன்னால் தலைகுனிய வேண்டும் என்ற வெட்கமும் சேர்ந்து என்னைத் தடுத்தன. டாக்டர் மருந்தின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க டாக்டர்," என்றேன். "அந்த நூத்தி நாப்பது நான் கேட்டது இல்ல. எனக்குக் கேட்டது எழுபதுதான். இவளோட துடிப்புன்னு நெனச்சு, எப்பவும் எழுதுறத எழுதிட்டேன்."

"நாடி பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆறு செகண்ட். அதுலயும் ஏழு."

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். எழுபத்து நான்கு. குழந்தைக்கு அறுபத்தெட்டு. முழு நிமிடம் எண்ணினால் இரண்டும் வேறு வேறு. ஆறு வினாடியில் இரண்டும் ஏழு. டாக்டர் என்னைத் திட்டவில்லை. சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"அன்னைக்கே முழுசா அடைச்சிருக்கு போலத்தான் தெரியுது. ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை இருக்கிறேன்.

வெளியே நடைவழியில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் கடைசியில் போய் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு ஏன் அண்ணி அவ்வளவு அவசரம்?"

உண்மையைச் சொன்னேன். "உன் மேல கோவம். அம்மாவுக்கு நீ அழலன்னு."

அவள் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள். "அழுதேன் அண்ணி. நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதேன். தண்ணி வரல, அவ்வளவுதான். அழ அழத் தொண்டை ஒட்டிக்குது, அதான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன். உங்ககிட்ட அதச் சொல்லத்தான் அன்னைக்கு வாயெடுத்தேன். நீங்க அடுத்தவங்களக் கூப்பிட்டுட்டீங்க."

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அது நியாயம்தான்.

ஆஸ்பத்திரியில் விசாரணை நடந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து ஒரு மாதம் பதிவேட்டு அறையில் உட்கார வைத்தார்கள். முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். வீட்டில் என் கணவர் என்னோடு பேசவே ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் முடிந்த காலை, என் மேசைக்கு முன்னால் பாட்டிலோடு அவள் நின்றாள்.

"அந்த மேசைக்குப் போ, அந்த சிஸ்டர் பாப்பாங்க," என்றேன்.

"நீங்கதான் பாக்கணும். மத்தவங்க ஒரு நிமிஷம் எண்ணுவாங்களோ என்னவோ, நீங்க எண்ணாம விட மாட்டீங்க." படுத்து, தானே சட்டையைத் தூக்கினாள். குரலில் அன்பு எதுவும் இல்லை. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிற குரல்.

அப்படியே வாரா வாரம் நடந்தது. இடது கை அவள் மணிக்கட்டில், வலது கை கருவியில், கண் கடிகாரத்தில். அறுபத்தாறு. அறுபத்து நான்கு. அறுபது. எண்ணி முடிக்கும்வரை இருவரும் மூச்சுவிடப் பயந்தோம்.

ஸ்கேனில் இதயம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் பயந்துபோய்க் கேட்டாள். டாக்டர் சொன்னார்: "மத்த குழந்தைக்கு ரெண்டு அடியில போற ரத்தத்த இது ஒரே அடியில தள்ளணும். அதுக்கு இடம் வேணும்ல? வேற வழியில்லாம பெரிசா வளந்துக்குது. அது தாங்குற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும்."

அன்று மேசையிலிருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நடைவழியில் பேசியதற்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை.

முப்பத்தைந்தாவது வாரம் ஐம்பத்தொன்று எண்ணினேன். நம்பாமல் இன்னொரு முழு நிமிடம். ஐம்பத்தொன்றுதான். சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினேன். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு. நீலம் பாரித்துப் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை அந்த வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து, கம்பியை இதயத்தில் தைத்தார்கள். நான்கு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை அவளைச் சக்கர நாற்காலியில் குழந்தைகள் அறைக்குக் கூட்டிப்போனேன். மடியில் பாட்டில், பாட்டிலுக்கு அடியில் பழைய அட்டை. அதை என்னிடம் நீட்டினாள். அந்த 140 இன்னும் அப்படியே இருந்தது. அடித்துவிட்டு, பக்கத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன். பிறகு குழந்தையின் புது அட்டையை எடுத்தேன்.

"மானிட்டர்லயே ஓடுது சிஸ்டர். மெஷின நூத்தி இருபதுல வெச்சிருக்கோம். அப்படியே எழுதிக்கோங்க," என்றார் அங்கிருந்த டெக்னீஷியன்.

"நான் எண்ணிக்கிறேன்," என்றேன்.

ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி அந்தச் சின்ன மார்பில் வைத்தேன். கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. தடுமாறாமல், ஒரே சீராக. இருபதுக்கு வருவதற்குள் கடிகாரம் மங்கிவிட்டது. முள்ளே தெரியவில்லை.

"அண்ணி," என்றாள் அவள். கண்கள் இரண்டும் சிவந்து, வறண்டு, முகம் முழுக்க அழுதுகொண்டிருந்தாள். அழுகை என்று எனக்கு இப்போது அடையாளம் தெரிகிறது. "அப்புறமா அழலாம். மொதல்ல எண்ணுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அறுபது வினாடி. நூற்று இருபது. அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் தோளில் முகத்தை வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே அழுதேன்.