சாட்சிக்குச் சவரம்

சலூன்காரர் மனைவிக்கு அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சு நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவர், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் ஒளித்துவைத்தபடி. இன்று ஜாமீன் ரத்தானால் வீடு கிடையாது. இங்கிருந்தே நேரே சிறைதான்.

வழக்கு கொலை வழக்கு. சலூன் இருந்த கட்டிடத்தின் சொந்தக்காரர் மாடிப்படியடியில் தலை உடைந்து கிடந்தார். கடையைக் காலி செய்யச் சொல்லி அவர் நெருக்கியது தெருவுக்கே தெரியும். சலூன்காரர் அந்தப் படியில் இறங்கி ஓடியதைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆள், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர். விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, முன்பு எந்த வழக்கும் இல்லை, குடும்பத்தை விட்டு ஓடுகிற ஆளும் இல்லை என்றுதான் நீதிபதி ஜாமீன் கொடுத்திருந்தார். ஒரே கண்டிப்பு, சாட்சி இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

சாட்சியே வந்து தலை சாய்த்தால் என்ன செய்வது, சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை என்றால் கண்டக்டருக்கு அந்த நாற்காலிதான். எத்தனையோ வருஷத்துப் பழக்கம். கால் தன்பாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டது. கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். சலூன்காரருக்கும் புத்தி வழக்கில், கை மட்டும் வேலையில். துண்டைப் போர்த்தி, நுரை தடவி, ஒரு கன்னம் வழித்து, கத்தி கழுத்துக்கு இறங்கும்போதுதான் இது யார் முகம் என்று உறைத்தது. சுடுதண்ணீரோடு வந்த மனைவி அப்படியே மரமாக நின்றாள். தெருவில் போன காவலரும் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சாட்சியின் தொண்டையில் கொலையாளியின் கத்தி.

அவர் கொடுத்த அறிக்கையின் பேரில்தான் ஜாமீனை ரத்து செய்ய இன்றைய மனு. பெண்டாட்டி சொல்வது எடுபடாது, கோர்ட்டில் வாயைத் திறக்காதே என்று அவர்களுடைய வக்கீல் சொல்லியிருந்தார். அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் அந்தக் கத்தியை விட்டு இம்மியும் நகரவில்லை. இதற்கு மேல் வாய் திறந்து வேறு மிரட்ட வேண்டுமா என்று கேட்டார். நீதிபதி நிதானமாகச் சொன்னார்: ஜாமீன் கொடுக்கும்போது, இவர் என்ன செய்துவிடுவாரோ என்று யோசிக்கிறோம், கொடுத்ததைப் பிடுங்க, என்ன செய்தார் என்று தெரியவேண்டும். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

கண்டக்டருக்கு ஒரு கன்னத்துத் தாடி மற்றதை முந்திக்கொண்டு வளர்ந்திருந்தது.

"மிரட்டினாரா?"

"இல்லீங்கய்யா."

"பயந்தீங்களா?"

கண்டக்டர் கடைசி பெஞ்சில் இருந்த சலூன்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பயந்தேங்க. கண்ண முழிச்சா தொண்டையில கத்தி. சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

அரசு வக்கீல் பாதி எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். "அப்புறம்?"

"கத்திய கீழ வெச்சுட்டாருங்க. அண்ணே, நீங்க இங்க வரக்கூடாது, போயிடுங்கன்னாரு. பாதி மொகத்தோட எப்படிப்பா போவேன், முடிச்சு விடுன்னு நான்தான் கெஞ்சுனேன். தொடமாட்டேன்னுட்டாரு. அவரு கைதான் வெடவெடன்னு ஆடிச்சு."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. சாட்சியைத் தேடிப் போகவில்லை, அடையாளம் தெரிந்ததும் விலகியிருக்கிறார், ஜாமீன் தொடரும் என்றார். ஆனால் பழக்கத்தைச் சட்டத்தால் கட்டிப்போட முடியாது. கண்டக்டர் சாட்சி சொல்லி முடிக்கும்வரை கடை திறக்கக் கூடாது.

சலூன்காரர் தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்தார். பெஞ்சுப் பலகையின் வரி அவற்றில் பதிந்திருந்தது. கையெழுத்துப் போட வக்கீல் அவரை உள்ளே கூட்டிப் போனார்.

வராந்தாவில் மனைவி கண்டக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். வயிற்றில் பாலை வார்த்தீங்கண்ணே என்றாள்.

அவர் தாடியைச் சொறிந்தார். "வேற கடைக்குப் போக மனசு வரலைம்மா. இப்படியே காடா வளரட்டும்." கொஞ்சம் நகர்ந்தவர் திரும்பி வந்தார். "இன்னிக்கு நடந்தத நடந்தபடி சொன்னேன். விசாரணை அன்னிக்கும் அப்படித்தான் சொல்லுவேன். படியில பாத்ததையும்."

அவளுக்குக் கும்பிட்ட கை இறங்கவில்லை. வேறு யாராவது என்றால் காலில் விழுந்து அழலாம், ஏசலாம். இந்த வாயிடம் எப்படி? இதுதானே சற்றுமுன் தன் புருஷனை மீட்டுக் கொடுத்தது.

"சொல்லுங்கண்ணே," என்றாள்.

உள்ளே இருந்து கணவர் வந்தார். அவர் நடந்து வர, அந்தக் கால்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அந்தப் படியில் எதற்கு ஏறினீர்கள் என்று இதுவரை கேட்டதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் கேட்டாக வேண்டும்.