பாட்டுக்கு அடியில் அப்பாவின் குரல்

அப்பா பத்மநாபன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கேட்டாள் என்று அஸ்வினி நெட்டில் ஏற்றியிருந்த அவருடைய வீடியோவைத் திறந்தாள். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை.

"ஸ்பீக்கரைப் பாருடி" என்றாள் அம்மா லலிதாம்பாள்.

ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. வீடியோவில் உள்ள பாட்டு வேறொருவருக்குச் சொந்தமானது, அவர் அனுமதி தராததால் ஒலி நீக்கப்பட்டிருக்கிறது.

பாட்டைச் சேர்த்தவள் அஸ்வினிதான்.

அவர்கள் வீட்டில் பாட்டு இல்லாத வீடியோ வீடியோவே இல்லை. செகந்திராபாத்தில் சொந்தக்காரர்களின் கல்யாணக் கேசட்டுகள் எல்லாமே அப்படித்தான். தாலி கட்டும்போது ஒரு சினிமாப் பாட்டு, பந்தியில் இன்னொன்று. மாமா தும்மினால்கூடப் பின்னால் வயலின் வாசிக்கும். அந்தக் கேசட்டுகளில் அப்பா நிறைய இடங்களில் வருவார், வாயசைப்பார். கேட்பது பாட்டுதான்.

அவர்களுடைய திருமுல்கேரி வீட்டில் அப்பாவின் பிறந்தநாளன்று அவள் எடுத்த வீடியோவில் மட்டும் அவர் பேசுவது கேட்டது. கூடவே பக்கத்து வீட்டு மிக்ஸியும் கேட்டது. அப்படியே விட அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை நெட்டிலிருந்து இறக்கி, அவர் குரலுக்கு அடியில் மெல்ல ஓடவிட்டாள். நியூஜெர்சியிலிருக்கும் அக்கா பார்க்கட்டும் என்று நெட்டில் ஏற்றினாள். பிறகு கேமரா கார்டைக் காலி செய்தாள். கம்ப்யூட்டரில் இருந்த பிரதி, ஹார்ட் டிஸ்க் பழுதானபோது போயிற்று. அப்போது அவள் கவலைப்படவில்லை. நெட்டில்தான் இருக்கிறதே.

"பாட்டு அவாளோடதுன்னா அவாளே வெச்சுக்கட்டும்" என்றாள் அம்மா. "இவர் நம்மளோடவர்தானே?"

"ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டேம்மா."

"நாம என்ன விக்கவா போறோம்?"

"எல்லாரும் பாக்கற இடத்துல போட்டிருக்கேன். கேட்டுட்டுப் போட்டிருக்கணும்."

மறுநாள் பேகம்பேட் ஆபீஸில் பக்கத்து சீட் இர்பானிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் ஆம்பூர்க்காரன். முதல் வேலையாகச் சத்தமில்லாத படத்தை இறக்கி ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தான்.

"பாட்டை மட்டும் எடுத்துட்டு குரலை வாங்க முடியாதா, இர்பான்?"

"மாவுல உப்பைக் கரைச்சுட்டு, உப்பை மட்டும் எடுன்னா எப்படிங்க?" சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "இங்க பாருங்க, ஆட்சேபிக்கிறதுக்கு ஒரு பக்கம் இருக்கு. இந்தப் பாட்டைப் பயன்படுத்த எனக்கு உரிமை இருக்குன்னு ஒரு டிக். பாட்டுக் கம்பெனிக்காரன் கண்டுக்காம விட்டா சத்தம் திரும்பி வந்துரும். உடனே இறக்கிக்கலாம்."

"எனக்கு உரிமை இல்லையே."

"அதை அவங்களுக்கு நீங்க சொல்லப் போறீங்களா?"

இர்பான் டீ குடிக்கப் போனதும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். டிக் செய்யும் கட்டத்தில் அம்புக்குறியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். கீழே விளக்கம் எழுத இடம் விட்டிருந்தார்கள். டிக் செய்யாமல் அதில் எழுதினாள்: 'பாட்டு என்னுடையது இல்லை. கேட்காமல் போட்டது என் தவறு. அதற்கு அடியில் பேசுகிறவர் என் அப்பா. அவர் இப்போது இல்லை. அவர் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. ஒரே ஒரு நாள் ஒலியைத் திருப்பித் தந்தால் எடுத்துக்கொள்கிறோம். பிறகு நானே அழித்துவிடுகிறேன்.'

மூன்று வாரம் கழித்துப் பாட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். தனிநபர்களுக்குப் பாட்டுகளை அனுமதிப்பதில்லை. உரிமை இல்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால் வீடியோ நீக்கப்படுகிறது.

அவள் போய்ப் பார்த்தபோது அப்பா இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் இருந்தது.

"டிக் பண்ணிட்டு கம்முனு இருங்கன்னேன்ல?" என்றான் இர்பான். அவனுக்குக் கோபம் வந்ததை அன்றுதான் அவள் பார்த்தாள். கம்பெனிக்காரர்கள் மேல் தப்புச் சொல்ல அவளால் முடியவில்லை. அது அவர்களுடைய பாட்டு.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள்.

"நான் வேணா இன்னொரு தரம் எழுதிப் பாக்கட்டுமா?"

"நக்கோ, வேண்டாம் விடு" என்றாள் லலிதாம்பாள். "அந்த சிடியைப் போடு."

அப்பா கையை ஆட்டினார். உதடுகள் அசைந்தன.

"என்னம்மா சொல்றார்?" என்று கேட்டாள் அஸ்வினி. அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. எடுக்கும்போது அவர் தலை வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். பாட்டைச் சேர்க்கும்போது அதன் சத்தம் போதுமா என்றுதான் காதுகொடுத்துக் கேட்டாள்.

"இது தெரியலையா? மொளகாப்பொடிக்கு நல்லெண்ணெய் விடச் சொன்னா தேங்காயெண்ணெய் விட்டிருக்காளே, உங்கம்மாங்கறார்." அம்மா சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அதே கையசைவு வந்தபோது, "மழை வரப்போறது, துணியை எடுங்கறார்" என்றாள்.

அதற்கடுத்த வாரம், "உனக்கு வரன் பாக்கறதைப் பத்திச் சொல்றார்" என்றாள்.

அஸ்வினி ஒவ்வொரு முறையும் அப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் பொருந்தின. எது நிஜம் என்று அவள் அம்மாவைக் கேட்கவில்லை.