சம்பத் வீட்டு ஃபேனுக்கு இரண்டு பக்கம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: தோல் கம்பெனியில் டிரம் ஃபிட்டராக இருந்த சம்பத், அவன் மனைவி பங்கஜம், அவளைக் கையோடு அழைத்துப்போகக் குன்னூரிலிருந்து வந்திருந்த அவள் அப்பா வீரபாகு, பக்கத்து வீட்டு ஹலீமா பீ, ஹலீமா பீயின் ஆடு. 1954ஆம் வருடம் சித்திரை மாதம், நடுப்பகலில், ஆம்பூரில் அந்த ஓர் அறையில் மட்டும் பனி பெய்தது. வெளியே தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் ஃபேன். தை மாதம் நடந்த கல்யாணத்துக்கு முதலாளி தன் அறையில் ஓடிய பழைய ஃபேனைச் சம்பத்துக்குக் கொடுத்தார். சம்பத் அதுவரை டிரம்மைத் தவிர வேறு எதற்கும் ஒயர் இழுத்தவனில்லை. தோலைப் போட்டு உருட்டும் பெரிய மரப் பீப்பாய்தான் டிரம். ஒரே பக்கமாகச் சுற்றவிட்டால் உள்ளே தோல்கள் முறுக்கிக்கொள்ளும் என்பதால், கொஞ்ச நேரம் முன்பக்கம், கொஞ்ச நேரம் பின்பக்கம் என்று கைப்பிடியை மாற்றித் தள்ளுவார்கள். சுற்றுகிற எதற்கும் இரண்டு பக்கம் வேண்டும் என்று நம்பிய சம்பத், வீட்டு ஃபேனுக்கும் அப்படியொரு கைப்பிடி வைத்தான். கல்யாணத்தன்று பின்பக்கம் தள்ளியவன், அதை அப்படியே மறந்தும் போனான்.

தறிக்காரர் வீட்டு ராட்டையில் நூல் ஏறுவதுபோல அறையின் குளிரெல்லாம் ஃபேனில் ஏறியது. பாலாற்றுப் பக்கமிருந்து வந்த வாடையில் தெருவே நடுங்கியபோது அந்த வீடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஹலீமா பீ விடிந்ததும் ஆட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். மாதனூரிலிருந்து ஒரு பிள்ளை பெற்றவளைக்கூட வண்டி கட்டிக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. விறகு மிச்சம் என்றார்கள்.

ஆனால் ஃபேன் குளிரோடு சேர்த்துப் பேச்சையும் இழுத்துக்கொண்டது. சம்பத் மெதுவாகப் பேசுகிறவன். அவன் சொன்னதெல்லாம் பங்கஜத்தின் காதுக்குப் போகாமல் மேலே போயிற்று. ஹலீமா பீ கத்திப் பேசுகிறவள் என்பதால் தப்பித்தாள். பங்குனியில் இழுப்பதற்குக் குளிர் இல்லாமல் ஃபேன் நின்றது. பழுதாகிவிட்டது என்று சம்பத் நினைத்தான். இரண்டு மாதமாகப் பதிலே வராததால் அதற்குள் அவனும் பேச்சை விட்டிருந்தான். சித்திரை பிறந்ததும் குன்னூர்க்காரியின் உடம்பெல்லாம் வேர்க்குரு. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். அவர் வந்தபோது பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"வெயிலக்கூடப் பொறுத்துக்குவேம்ப்பா. இந்த மனுசன் நான் வந்த நாள்லேருந்து ஒரு வார்த்த பேசல. செவுத்தோடவா குடும்பம் நடத்துறது?"

"பேசனேனே" என்றான் சம்பத்.

"எப்போ?"

"தைலயும் மாசிலயும் தெனம்தான்."

"பொய் சொல்றதையாச்சும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"அய்யே, இன்னா பேஜாரு இது" என்றாள் ஹலீமா பீ. "பெரியவரு வேர்வைலயே குளிக்கிறாரு. மொதல்ல அந்த ஃபேனப் பாருப்பா. பொண்டாட்டி போவட்டும், மாமனாராச்சும் உசுரோட போவட்டும்."

சம்பத் எழுந்து போய்ப் பார்த்தான். கைப்பிடி பின்பக்கம் இருந்தது. முன்பக்கம் தள்ளினான்.

முதலில் கல்யாண மல்லிகை வாசனை வந்தது. பிறகு வாடைக்காற்று. அப்புறம் பனி இறங்கி வீரபாகுவின் மீசையில் நின்றது. ஆடு தும்மியது. வீரபாகு உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, "எங்க ஊர்ப் பனி அளவுக்கு ஈரம் இல்ல, கம்மிதான்" என்றார். அதற்குள் மேலிருந்து சம்பத்தின் குரல் கேட்டது. சம்பத்தோ வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

"வெளிய போறியா? குளுரும், போர்வைய நீயே எடுத்துக்கோ."

"கொழம்பு நல்லாருக்கு. உப்பு ஜாஸ்தி, பரவால்ல."

"காலைல வேலைக்குக் கெளம்பவே மனசு வர்ல பங்கஜம். டிரம்மு சுத்தும்போதுகூட உன் ஞாபகந்தான்."

சம்பத்தின் காது சிவந்துவிட்டது. ஃபேனை நிறுத்தப் போனவனைப் பங்கஜம் முந்தானையால் ஓர் அடி அடித்து உட்காரவைத்தாள். ஹலீமா பீ, "இதெல்லாம் நான் கேக்கலாமா?" என்று முகத்தை மூடிக்கொண்டாள். காதை மூடவில்லை.

"உப்பு ஜாஸ்தியா?" என்றாள் பங்கஜம்.

"அன்னிக்கு மட்டுந்தான்."

கட்டிய பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்தாள். அப்பாவின் தோளில் போர்த்திவிட்டாள்.

"நீ வர்லயாம்மா?"

"நீங்க போங்கப்பா. இன்னும் மாசிமாசம் பேசுனது பாக்கி இருக்குது, கேக்கணும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாத் தையிலும் கைப்பிடி பின்பக்கம், எல்லாச் சித்திரையிலும் முன்பக்கம். மூன்று குழந்தைகளும் கோடைப் பனியில்தான் தவழ்ந்தன. உப்பைப் பற்றிச் சம்பத் பிறகு வாயைத் திறந்ததில்லை.

அன்று ஹலீமா பீயையும் ஆட்டையும் வெளியே அனுப்பினார்கள். கடைசியாக வீரபாகு சால்வையோடு வெயிலில் இறங்கி, ஏதோ சொல்லத் திரும்பினார். "குளுரு வெளிய போவுதுப்பா" என்று பங்கஜம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, உள்பக்கமாகப் பூட்டினாள்.