பன்றிக்குத் தெரியாத நிறங்கள்

அங்கப்பனை விசாரணைக்குக் கூட்டிப்போய்ப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. நான் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் ஜீப்பின் கதவுக்கு மூன்றாவது நிறம் அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நிறம் காய்ந்த சோளத்தட்டின் நிறம். நான்தான் கலந்தேன். அண்ணன் பெரியநாயக்கன்பாளையத்தில் வாங்கிவந்த பச்சை, பள்ளிக்கூட ஜன்னலுக்கு அடிக்கிற பச்சையாக இருந்தது. அதில் கறுப்பும் காவியும் சேர்த்து மங்க வைத்தேன். எங்கள் ஊருக்கு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் வேலமரமும் உசிலையும்தான். மழை பெய்த வாரத்தில்கூட அங்கே பச்சை சாம்பல் பூத்துத்தான் இருக்கும். ஜீப் முழுவதும் சாக்பீஸால் இலை நிழல் மாதிரி வளைவுகள் வரைந்து, ஓரங்கள் கலங்கித் தெரியும்படி ஸ்பாஞ்சால் ஒற்றியிருந்தேன். வேலை நன்றாக வந்திருந்தது. எனக்கு முதலில் அதுதான் வெட்கமாக இருந்தது.

அண்ணன் கௌதமன் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்கிற லேத் பட்டறை வைத்திருக்கிறான். ராத்திரியில் நண்பர்களோடு பன்றி வேட்டைக்குப் போவான். கடலைக்காட்டையும் மக்காச்சோளத்தையும் பன்றிகள் உழுதுபோடுவதால் ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. சட்டப்படி குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கி கிடையாது. அவுட்டுக்காய்தான். தின்பண்டத்துக்குள் வெடியைப் பொதிந்து பன்றி வருகிற தடத்தில் போட்டுவைப்பார்கள். கடித்தால் வாய் சிதறும்.

சனிக்கிழமை காலை ஓடைப் பள்ளத்தோரம் மேய்ந்துகொண்டிருந்த ராமாத்தாளின் மாடு அப்படியொரு காயைக் கடித்துவிட்டது.

ராமாத்தாள் அங்கப்பனின் மனைவி. அங்கப்பனின் அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். அங்கப்பன் இப்போது கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறார். ராமாத்தாள் அந்த ஒரு மாட்டை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடு செத்துப்போனது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி இதைத் தின்னவைக்க முடியாது என்று ஊசி போட்டதாக அம்மா சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் ஜீப்புக்கு இரண்டாவது நிறம் அடித்துக்கொண்டிருந்தோம். முன்கண்ணாடியில் எப்போதும் இருக்கிற 'அண்ணமார் துணை' இருந்தே ஆக வேண்டும், அதுவும் பளபளக்கும் மஞ்சளில் வேண்டும் என்றார் அப்பா. காட்டுக்குள் ஒளிந்து நிற்கிற வண்டியில் மஞ்சள் எழுத்தா என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன், பன்னி படிச்சுப்போடுமா?" என்றார் அப்பா.

மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ராமாத்தாள் வீடு எங்கள் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம்.

நான் விலங்கியல் படித்தவள். பன்றிக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம். எனாமலும் தின்னரும் வீசுகிற வண்டி காட்டுக்குள் நுழைந்தால் ஒரு மாதத்துக்கு எந்தப் பன்றியும் பக்கத்தில் வராது. பழைய பெயிண்டை உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கத் தொடங்கியபோதே இதை அண்ணனிடம் சொன்னேன். நான் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. படித்ததைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வரும். அன்று கேட்காமலேயே சொன்னேன்.

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் பிரியா. நீ அடி" என்றான்.

இந்த நிறங்கள் பன்றிக்காக இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. புரிந்த பிறகும் பிரஷ்ஷை எடுத்தேன். அவன் என்னிடம் உதவி என்று கேட்பது அபூர்வம். நீதான் நல்லா வரைவியே என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தான்.

திங்கட்கிழமை வனவர் வேலுமணி வந்தார். பள்ளத்துக்கு இறங்குகிற மண்ணில் டயர் தடம் இருக்கிறது, ஜீப் தடம் மாதிரித் தெரிகிறது என்றார். அண்ணன் அவரைக் கொட்டகைக்கு அழைத்துவந்து காட்டினான். சக்கரங்களைக் கழற்றிச் செங்கல் மேல் நிறுத்தியிருந்த ஜீப். கண்ணாடிகளில் பேப்பர் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமையிலிருந்து வண்டி இப்படித்தான் நிற்கிறது, வேண்டுமானால் தங்கச்சியைக் கேளுங்கள் என்றான். அவர் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

பேசாத பெண் பொய் சொல்லாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வேலுமணிக்கும் அது இருந்தது. தலையாட்டியதுதான், வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே என்று அன்றைக்குக் குளிக்கும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். விரல் நகங்களில் ஏறிய பெயிண்ட் போகவே இல்லை.

வேலுமணி கிளம்பும்போது, இங்கே யாருக்காவது வேட்டைப் பழக்கம் உண்டா என்று பொதுவாகக் கேட்டார். அப்பா சிறிது நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, அங்கப்பன் முன்பு முயலுக்குக் கண்ணி வைத்தவன்தான் என்றார். யார் மேலேயும் பழி போட்டுச் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று மாலை நாலு மணிக்கு அங்கப்பனைக் கூட்டிப்போனார்கள். பன்றிக்கு வைத்ததைத் தன் மாடே கடித்துவிட்டது, அதனால்தான் வெளியே சொல்லாமல் இருக்கிறான் என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை அண்ணன் பட்டறைக்கும் அப்பா சந்தைக்கும் போயிருந்தார்கள். பதினோரு மணிக்குக் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. ராமாத்தாள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அம்மா வயதில் அவரைவிடச் சின்னவள். ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எனக்கு அது வாயில் வராது. அக்கா என்று கூப்பிட்டால் அம்மா பார்க்கிற பார்வைக்குப் பயம். அதனால் கூப்பிடாமலேயே பேசிப் பழகியிருந்தேன்.

"ஐயன் இல்லீங்களா அம்மணி?"

சந்தைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றேன். அவர் உள்ளே வரவில்லை. வாசல் கல்லில் உட்கார்ந்தார். அப்பா ஒரு வார்த்தை வந்து சொன்னால் அங்கப்பனை விட்டுவிடுவார்கள் என்று வனத்துறை ஆபீசில் யாரோ சொன்னார்களாம். நேற்று ராத்திரி சோறு கொண்டுபோனபோது அங்கப்பன் தொடவே இல்லை என்றார். கோழிப்பண்ணையில் இன்னொரு ஆளை வைத்துவிடுவார்கள் என்பது பற்றித்தான் அவருக்குக் கவலையாம். பிறகு ஜீப்பைப் பார்த்தார்.

"நெசமாலுமே எல நெழல் உழுந்தாப்பலயே இருக்குதுங். நீங்களா வரஞ்சீங்க?"

ஆமாம் என்றேன். ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"பள்ளத்துல இருந்து தானாவே நடந்து வந்துச்சுங் அம்மணி. நான் ஊட்டு முன்னால பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். வாயே இல்லீங்க. எப்பவும் போல தொட்டிகிட்டப் போயி நின்னுகிச்சு. தண்ணி குடிக்கலாம்னு."

நான் ஜீப்பின் சக்கரம் இல்லாத அச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கண்ணி விஷயத்தைச் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய கதை அது என்றார். அப்பாதான் முயல் கறி தின்று நாளாயிற்று என்று அங்கப்பனிடம் சொல்லியிருக்கிறார். பிடித்த முயல் எங்கள் வீட்டு அடுப்பில்தான் வெந்தது. அம்மா ராமாத்தாளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"அதை ஆபீஸ்ல சொல்லுங்கன்னு நேத்து அவருகிட்டச் சொன்னேன். சொல்ல மாட்டேனுட்டாரு. பெரியவரு பேரு அங்க வரக்கூடாதாம்."

அதைச் சொல்லும்போது அவர் லேசாகச் சிரித்தார், தன் புருஷனின் கிறுக்குத்தனத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அந்த முயல் கறியை நானும் தின்றிருப்பேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வெளியே கார் சத்தம் கேட்டது. அண்ணனும் அப்பாவும் வந்தார்கள். பின்னாலேயே பைக்கில் வேலுமணி. சக்கரங்களைத் தடத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லி மேலே இருந்து கேட்கிறார்களாம். ராமாத்தாள் எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார். அப்பா அவரைப் பார்த்தார், பார்க்காத மாதிரி வேலுமணிக்கு மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அண்ணன் உற்சாகமாக இருந்தான். என் தோளைத் தட்டி, எப்படி அடிச்சிருக்கா பாருங்க, பட்டறை ஆளுகூட இப்படி அடிக்க மாட்டான் என்றான். வேலுமணி ஜீப்பைச் சுற்றி வந்தார். கதவில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய பெயிண்டைத் தூணில் துடைத்தார். சக்கரத்தைப் பார்க்கிறதெல்லாம் ஒரு சடங்குக்குத்தான், வண்டி எப்போதிலிருந்து நிற்கிறது என்று ஆள் சாட்சி இருந்தால் அதுவே போதும் என்றார்.

"வியாழக்கிழமைங்க" என்றான் அண்ணன்.

"நீங்க இருங்க தம்பி. அம்மணி சொல்லட்டும். நேத்தும் தலையை மட்டுந்தான் ஆட்டுனாங்க."

அண்ணன் சிரித்தான். அவள் அப்படித்தான், பொண்ணு பார்க்க வந்தவர்களிடம்கூட வாயைத் திறக்கவில்லை, அவர்கள் ஊமையோ என்று பயந்துவிட்டார்கள் என்றான். வேலுமணியும் சிரித்தார். அம்மா மோர் டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். ராமாத்தாள் மட்டும் நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார். அந்த முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. நான் எது சொன்னாலும் அதை அப்படியே நம்பிவிடப்போகிற முகம். அண்ணன் என் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தான். அவன் கண்ணில் இருந்தது மிரட்டல் இல்லை, கெஞ்சல். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொல்லுங்க அம்மணி. வண்டியை என்னைக்கு நிறுத்துனீங்க?"

தலையாட்டிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தலை அசையாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டேன்.

"சனிக்கிழமை மத்தியானமுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்தார். மறுபடியும் சொன்னேன். "சனிக்கிழமை மத்தியானம். மாடு அடிபட்டதுக்கு அப்புறம். முந்துன நாள் ராத்திரி இந்த வண்டி பள்ளத்துக்குப் போயிட்டு வந்துச்சுங்க. காயை வெச்சது எங்கண்ணன்."