சாயம் விட்ட சுருள்

"இந்தச் சுருள் கெட்டுதுன்னா இருட்டறைச் சாவி எனக்கு. சரிதானே அண்ணி?" ஸ்டுடியோவில் லேஸ் வியாபாரியைச் சாட்சிக்கு நிறுத்தி வைத்துக்கொண்டே கேட்டான் கொழுந்தன்.

"சரி தம்பி. கெடலேன்னா உங்க வாய் கவுன்ட்டரைத் தாண்டி உள்ள வரக் கூடாது."

ஃபிலிம் சுருளில் இருந்தது, வாங்குபவருக்கு அனுப்ப எடுத்த வியாபாரியின் வெள்ளை லேஸ் படம். சரக்கு காலையிலேயே கப்பலேறிவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. இழை இழையாகத் தெரியட்டும் என்றுதான் அண்ணி வேகம் குறைந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமில் கிட்டப் போய் எடுத்திருந்தாள். படம் கழுவும் மருந்தான டெவலப்பரைக் கொழுந்தன் காரமாகக் கலப்பான்; அதில் வேலை ஐந்தே நிமிடத்தில் முடியும். லேஸும் முடிந்துவிடும், இழையே தெரியாமல், சுண்ணாம்படித்த சுவர்போல. அவள் மருந்து ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐம்பது பங்கு கலந்து வைத்திருந்தாள்.

"இது மருந்தா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றான் கொழுந்தன்.

அண்ணி, மருந்தின் அதே சூட்டில் இருந்த வெறும் தண்ணீரை முதலில் சுருள் இருந்த டாங்கில் ஊற்றி ஊறவிட்டாள். போன மாதம் கொழுந்தன் ஊறவைக்காமல் மருந்தை ஊற்றியதில், குமிழி பட்டு, குரூப் போட்டோவில் பாதிப் பேருக்கு அம்மைத் தழும்பு.

இரண்டு நிமிடம் கழித்துத் தண்ணீரைக் கொட்டினாள். கரு நீலம்.

வியாபாரி பதறிப்போனார். "ஐயையோ, சாயம் போகுதேம்மா! நாப்பது வருஷமா துணி விக்கிறேன். தண்ணியில சாயம் விட்டா அது ரெண்டாந்தரம். எவனோ உங்க தலையில கட்டிட்டான்!"

கொழுந்தனுக்கு அது போதும். "படமே கரையுது அண்ணி! குடுங்க, என் மருந்த ஊத்திக் காப்பாத்துறேன்."

அவள் டாங்கை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "கைய எடுங்க. அது வெளிச்சம் சிதறாம இருக்க ஃபிலிம் முதுகுல பூசின சாயம். படம் எடுத்ததும் அதுக்கு வேலை முடிஞ்சுது, போகுது."

"அண்ணன்கிட்ட சொல்லுவேன்."

"தாராளமா. அவர் எடுக்கிற படத்தையும் நான்தான் கழுவுறேன்."

சொல்லிவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தன் மருந்தைப் பன்னிரண்டு நிமிடம்.

கழுவித் தொங்கவிட்ட ஈரச் சுருளில், வியாபாரி நூல் எண்ணும் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். உதடு அசைந்தது. இருபது, இருபத்தொன்று... சட்டென்று நிமிர்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அம்மா, இந்த ஓரத்துல ஒரு இழை அறுந்திருக்கு. வாங்குறவன் கண்ணுல பட்டா வம்பு. கொஞ்சம் மங்கலாக்க முடியாதா?"

அண்ணி சாவியை இடுப்பில் செருகினாள்.

"அதுக்குத் தம்பிகிட்ட மருந்து இருக்கு. கவுன்ட்டர்ல கேளுங்க."