பிப்ரவரி பதினெட்டில் எண்ணியது

சனிக்கிழமை காலையில்தான் லொரேன் பிக்கர்ஸ்கில் அந்தத் தேதியைக் கவனித்தாள். சமையலறை மேசையில் அறிக்கையை விரித்துவைத்து, செவ்வாய்க்கிழமை என்னென்ன கேட்பார்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: மில் லேன் முனை, பிப்ரவரி 18, காலை எட்டு முதல் ஒன்பது வரை, சாலையைக் கடந்த பிள்ளைகள் பதினொருவர்.

பிப்ரவரி பதினெட்டு. எழுந்துபோய்க் கணினியில் பள்ளி விடுமுறைப் பட்டியலைத் திறந்தாள். பதினாறு முதல் இருபது வரை, ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கும் பருவ நடுவிடுமுறை.

பள்ளிக்கூடம் மூடியிருந்த நாளில் யாரோ மில் லேன் முனையில் நின்று பிள்ளைகளை எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை நம்பி, ஹார்டன்ஷா நகரமன்றத்தின் சாலைத் துறைப் பொறுப்புக் கவுன்சிலராக, லொரேன் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆறு முனைகளில் வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிறவர்கள் ஈஸ்டரோடு வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற உத்தரவு அது.

உத்தரவு இப்போதைக்கு நின்றிருந்தது. எதிர்க்கட்சியின் ரஹிலா மிர்ஸாவும் இன்னும் இரண்டு பேரும், விதிப்படி ஐந்து நாளுக்குள், இதை விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குக் கண்காணிப்புக் குழு கூடும். உத்தரவு போட்டவள் அவர்கள் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் மறுபடி யோசி என்று அவளிடமே திருப்பி அனுப்புவார்கள்.

சாலைத் துறை அதிகாரி நைஜல் ரஷ்வொர்த் வாரக் கடைசியில் போனை எடுக்கிறவரில்லை. ஞாயிறு முழுக்க லொரேன் துணியை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். கணவன் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

திங்கள் காலை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பு வேலைக்குப் போகுமுன், காரில் உட்கார்ந்தபடி நைஜலைப் பிடித்தாள்.

"அது எண்ணுறதுக்கு ஒப்பந்தம் எடுத்த ஆளுங்க பண்ண தப்புங்க, கவுன்சிலர்," என்றார் அவர். குரலில் பதற்றமே இல்லை. "அந்த வாரம் அவங்களுக்கு ஆள் கிடைச்சிருக்கு, வந்து எண்ணிட்டாங்க."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம் பார்த்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"கூட்டம் முடியட்டும், ஒரு திருத்தம் போட்டுக்கலாம்னு இருந்தேன். பாருங்க, யாராவது தேதியைக் கேட்டா நான் பதில் சொல்றேன். பொய் சொல்லப் போறதில்லை. கேக்காததை நாமளா எடுத்து மேசைமேல வைக்கணுமா? அவ்வளவுதான்."

அன்று கடையில் இரண்டு பேருடைய கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய், கூட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கையில், நடைவழியில் டெரிக் ஹோல்ராய்ட் அவளை மடக்கினார். கண்காணிப்புக் குழுவின் தலைவர், அவளுடைய கட்சிக்காரர்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் அவளைத் தேர்தலில் நிறுத்தியவரும் அவரே.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. சாப்பிட்டியா?"

"இறங்கலை, டெரிக்."

"பயப்படாதே. நம்மாளு ஆறு, அவங்க நாலு. ரஹிலா ஒரு மணி நேரம் கத்துவா, நாம கேட்டுக்கிட்டு இருப்போம், கை தூக்குவோம், போவோம். இந்தக் குழுவுல கட்சி பார்க்கக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கு. புத்தகம் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அறையில் பார்வையாளர் வரிசை நிறைந்திருந்தது. முன்னால் மோய்ரா டன்னட் உட்கார்ந்திருந்தாள். மில் லேன் முனையில் பத்தொன்பது வருடமாகப் பலகை பிடிப்பவள். மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமல் வந்திருந்தாள். அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க," என்று ஆரம்பித்தாள். "மழை கொட்டுற நாள்லயே நான் அறுபது பிள்ளைங்களைக் கடத்தி விடுறேன். இந்தக் காகிதத்துல பதினொண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க யாரை எண்ணுனீங்கன்னு எனக்குத் தெரியலை. அவ்வளவுதான்." மூன்று நிமிடத்தில் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ரஹிலா நைஜலிடம் திரும்பினாள். "இந்தப் பதினொண்ணு எப்படி வந்துச்சு?"

"நாடு முழுக்க எந்த முறையில எண்ணுறாங்களோ அதே முறைதாங்க, கவுன்சிலர். ஒரு மணி நேரம், ரெண்டு பக்கமும், பயிற்சி பெற்ற ஆளு." அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. லொரேன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேதியைக் கேள், கேட்டுத்தொலை என்று மனசுக்குள் கெஞ்சினாள். கேட்டால் நைஜல் சொல்லிவிடுவார், அவள் பாரம் இறங்கிவிடும். ரஹிலா வேகத்தடை பற்றிக் கேட்டாள். பெற்றோருக்குப் போன கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். சிக்னல் விளக்கு வைத்தால் என்ன என்று கேட்டாள். தேதியைக் கேட்கவில்லை.

"கேள்வி முடிஞ்சுது," என்றார் டெரிக். "வாக்கெடுப்புக்குப் போகலாம்."

லொரேன் கை தானாகப் போய் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"தலைவரே, ஒரு நிமிஷம்."

"உங்களுக்குக் கேள்வி எதுவும் பாக்கி இல்லையே, கவுன்சிலர்."

"இல்லை. யாரும் கேக்கலை. ஆனா சொல்லணும்." அறிக்கையை நாற்பத்தொன்றாம் பக்கத்தில் திறந்தாள். "மில் லேன்ல எண்ணுனது பிப்ரவரி பதினெட்டு. அன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவு."

பார்வையாளர் பக்கம் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். நைஜல் பேனாவை மூடிவைத்தார்.

ரஹிலா லொரேன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய்."

"ஆமாம்."

"கையெழுத்துப் போட்டப்போ தேதியைப் பார்க்கலையா?"

"பார்க்கலை. அன்னைக்குப் பதினாலு அறிக்கை இருந்துச்சு. இதுக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்."

சரி, முடிந்தது என்று அவள் நினைத்த நேரத்தில் ரஹிலா மெதுவாகக் கேட்டாள்: "மத்த அஞ்சு முனையும் என்னைக்கு எண்ணுனது?"

லொரேன் சனிக்கிழமையிலிருந்து இந்த ஒரு தேதியை மென்றுகொண்டே இருந்தாளே தவிர, அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. "தெரியாது," என்றாள். "அதையும் நான் பார்க்கலை."

நைஜல் பக்கங்களைப் புரட்டினார். அறை முழுக்க அந்தக் காகிதச் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு முனைகள் அதே வாரம்.

திருப்பி அனுப்பச் சம்மதிப்பவர்கள் என்றதும் எதிர்க்கட்சியின் நாலு கை எழுந்தது. லொரேனுடைய கட்சியிலிருந்து ஒரு கை எழுந்தது. கடைசியாக டெரிக், அவளைப் பார்க்காமல், தன் கையையும் தூக்கினார். ஆறுக்கு நாலு.

வெளியே வருகையில் டெரிக் சொன்னார்: "நடைவழியில எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஈஸ்டர் விடுமுறை முடிந்து ஆறு முனையிலும் மறுபடி எண்ணினார்கள். லொரேன் கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, எண்ணுகிறவர்களோடு ஒவ்வொரு முனையிலும் ஒரு காலை நின்றாள். மில் லேனில் நல்ல மழை. மோய்ரா ஒரு வரிசைப் பிள்ளைகளைக் கடத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குடை கொண்டு வரலையா? கையெழுத்துப் போட்ட மாதிரியே எதையும் பார்க்காம கிளம்பி வந்துட்டீங்களா?"

"தப்புதான், மோய்ரா."

"நீங்க வாயைத் திறந்தீங்க, அது சரி. ஆனா நாலு நாளு தெரிஞ்சு வச்சிருந்தீங்க. திங்கக்கிழமை நான் இங்க நின்னு, ஒவ்வொரு பிள்ளையைக் கடத்துறப்பவும் இந்த வேலை இன்னும் எட்டு நாளு, இன்னும் எட்டு நாளுன்னு மனசுல சொல்லிக்கிட்டு இருந்தேன். அது எனக்கு மறக்காது." பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி சாலையில் இறங்கினாள். அந்த ஒரு மணி நேரத்தில் எழுபத்திரண்டு பிள்ளைகள்.

இரண்டாவது உத்தரவுக்கு லொரேன் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நான்கு முனைகளில் ஆள் தொடரலாம், இரண்டில் வேண்டாம். மன்றத் தலைவர் அதைப் பற்றி அவளிடம் எதுவும் பேசவில்லை. மே மாதம் பொறுப்புகளை மாற்றிக் கொடுத்தபோது சாலைத் துறை வேறொருவருக்குப் போயிற்று. அவளை அழைத்து நன்றி சொன்னார், காரணம் சொல்லவில்லை.

வேலை போன இருவரில் ஒருவருடைய எண்ணிக்கை முதல் முறையும் பள்ளி நாளில்தான் எடுக்கப்பட்டிருந்தது. மற்றவர் வில்ஃப் ஊட்ஸ், செயின்ட் ஆன்ஸ் சாலை முனை. லீவில் எண்ணிய மூன்றில் அதுவும் ஒன்று. கடிதம் போவதற்கு முன்னால் இரண்டு பேர் வீட்டுக்கும் லொரேன் நேரில் போனாள். வில்ஃப் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"எத்தனை?"

"ஒன்பது."

அவர் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு விரலை மடக்கினார். பேர் சொல்லிச் சொல்லி மடக்கினார். ஒன்பதாவது பேரில் கொஞ்சம் யோசித்தார், வேறு பேர் ஏதும் வரவில்லை.

"ஒன்பதுதான்," என்றார். "உள்ள வாம்மா, டீக்குக் கெட்டில் போட்டிருக்கேன்."