"எல்லாம் அருமைங்க!"

ரொட்டி ஆறிப்போயிருந்தது. முட்டை செருப்புத் தோலாக விறைத்துக் கிடந்தது. டெரெக் இரண்டையும் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டு மனைவி மாவிஸிடம் பல்லைக் கடித்தார். "இதை நாய் தின்னுமா? இன்னைக்கு அந்த மேனேஜர் வரட்டும், உண்டு இல்லைன்னு பண்ணிடுறேன்."

விடுதி மேலாளர் ஹார்கிரீவ்ஸ் வந்தார். "எல்லாம் நல்லா இருக்கா சார்?"

"அருமைங்க! ரொம்ப நன்றி!" என்றார் டெரெக், முகமெல்லாம் சிரிப்பாக.

மாவிஸ் தட்டைத் தள்ளிவைத்தார். திட்டத் தெம்பில்லை.

மாவிஸுக்கு மார்பில் புற்றுநோய். லீட்ஸ் நகர மருத்துவமனையில் தினமும் கதிர்வீச்சு சிகிச்சை. கடலோரத்து ஊரிலிருந்து தினமும் வந்துபோக முடியாததால், மருத்துவமனைக்கு எதிரிலேயே இந்த விடுதியில் ஆறு வாரத்துக்கு அறை எடுத்திருந்தார்கள். சிகிச்சை முடிந்து வந்து அவர் படுத்தால், தலைக்கு மேலே துளைபோடும் இயந்திரம் அலற ஆரம்பிக்கும். மேல்மாடியில் குளியலறைகளைப் புதுப்பிக்கிறார்களாம். வெந்நீர் அதுவாக நினைத்தால் வரும். துண்டு மாற்றும் ஆள் வர நினைப்பதே இல்லை.

டெரெக் கோழை இல்லை. மீன்பிடிப் படகில் முப்பது வருடம் புயலைப் பார்த்தவர். ஆனால் அவரும் ஆங்கிலேயர்களான எங்களில் ஒருவர்தானே! குறை சொல்வதென்றால் எங்களுக்கெல்லாம் நடுத்தெருவில் கால்சட்டை அவிழ்ந்த கூச்சம். ஒருநாள் புகார் சொல்லியே தீர்வதென்று கீழே போனார். வரவேற்பறைப் பெண்ணிடம் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, திரைச்சீலையைப் பாராட்டிவிட்டு மேலே வந்து சேர்ந்தார்.

"சொன்னியா?"

"அந்தப் பொண்ணு பாவம், மாவிஸ். அவ என்ன பண்ணுவா?"

"ஆமா, ஊர்ல எல்லாரும் பாவம். நான் மட்டும்தான் கல்லு."

வியாழக்கிழமை மருத்துவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். "இவங்க எடை இறங்கிக்கிட்டே போகுது. நல்லா சாப்பிடணும், பகல்ல தூங்கணும். இப்படியே போனா சிகிச்சையை நடுவுல நிறுத்தவேண்டி வரும். நிறுத்தினா பலன் குறைஞ்சிடும்."

மறுநாள் காலை உணவுக் கூடத்தில், பக்கத்து மேசைப் பெண்மணி கழிவறை நாற்றத்தைப் பற்றிக் கணவனிடம் புலம்பிக்கொண்டிருந்தார். ஹார்கிரீவ்ஸ் வந்து கேட்டதும் அவரிடம் "எல்லாம் அருமை" என்றார். அந்தப் பதில் முடிவதற்குள் ஹார்கிரீவ்ஸ் டெரெக்கின் மேசைக்கு வந்துவிட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கா சார்?"

"அரு..."

மாவிஸ் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடியே உட்கார்ந்த நிலையில் கண்ணயர்ந்திருந்தார். கோப்பை சாய்ந்து தேநீர் மேசைவிரிப்பில் வழிந்தது. டெரெக் கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"இல்லைங்க. நல்லா இல்லை."

கூடமே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"மூணு வாரமா எங்க தலைக்கு மேல இடிக்கிறீங்க. என் மனைவிக்குப் புற்றுநோய். அவ தூங்கலைன்னா சிகிச்சை நின்னுடும். எனக்குச் சத்தமில்லாத அறை வேணும். இன்னைக்கே வேணும். தயவுசெஞ்சு." கடைசி வார்த்தை பழக்கதோஷத்தில் வந்தது.

ஹார்கிரீவ்ஸின் முகம் வெளுத்தது. "பின்பக்க அறைங்க காலியாத்தானே சார் கிடக்கு! நீங்க வந்த நாள்லேருந்தே காலி. நான் தினமும் கேட்டேனே..."

"கேட்டீங்க. பதிலைக் கேக்க நிக்கலை. நானும் உண்மையைச் சொல்லலை."

"எங்க அறையில நாத்தம் குடலைப் புடுங்குது!" என்று பக்கத்து மேசைப் பெண்மணி எழுந்தார். ஜன்னலோரத்திலிருந்து இன்னொருவர் துண்டைப் பற்றி ஆரம்பித்தார். ஹார்கிரீவ்ஸ் அன்றுதான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டார்.

சத்தத்தில் மாவிஸ் விழித்துக்கொண்டார். "மூணு வாரமும் காலியாவா இருந்துச்சு?"

டெரெக் மேசைவிரிப்பில் வழிந்த தேநீரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"முன்னப்பின்ன தெரியாதவன் மனசு நோகக்கூடாதுன்னு பார்த்தே. அந்த நோவு என் தலையில வந்து விழுந்துச்சு. வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு மரியாதை இல்லை, டெரெக். கேக்கவேண்டியதை நாம கேக்காம விட்டா, கஷ்டப்படுறது நம்மளை நம்பி இருக்கிறவங்கதான்."

அன்று பிற்பகல், பின்பக்க அறையில் மாவிஸ் குறட்டைவிட்டுத் தூங்கினார். தொலைபேசி அலறியது. டெரெக் பாய்ந்து எடுத்தார்.

"புது அறை எப்படி சார்?" ஹார்கிரீவ்ஸ்தான்.

"அறை நல்லா இருக்கு. ஆனா இந்த ஃபோன் சத்தம் ஜாஸ்தி. அவ தூங்குறா. இனிமே கூப்பிடாதீங்க."

நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.